ஓடைக்குப் பட்டா கிடையாது



நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். "சார் மறுபடியும் மேப்பைத் தூக்கிட்டு வந்துட்டார்" என்று சிரிப்பவர்களும் படியுங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உறவினர்களில் சிலருக்குக் கோபம் வரும். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஏரிக்கு மேற்கே இருக்கும் நம் புஞ்சையை மனையாகப் பிரித்தால் எப்படி இருக்கும் என்று கணினியில் வரைந்த படம். 30 அடி சாலை, மூலையில் ஒரு பூங்கா, நடுவில் வரிசையாகக் கட்டம். கைப்பேசி மேப்பின் மேலேயே கோடு இழுத்திருந்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இதில் ஓடை எங்கே?"

"பெரியப்பா, மேப்புலயே ஓடை இல்ல. நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க."

பார்த்தேன். உண்மைதான், இல்லை.

அதே வாரம் என் பழைய மாணவன் ஒருவன், இப்போது பெங்களூரில் பெரிய சம்பளத்தில் இருப்பவன், என் வேறொரு பதிவின் கீழே எழுதினான்: "சார், இப்ப சாட்டிலைட் தெருவுல நிக்கிற பைக்கையே காட்டுது. நீங்க இன்னும் டோப்போஷீட்ட விடலையா?" 41 பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அதில் நான் பாஸ் போட்ட ஆட்கள் பலர்.

இருவருக்கும் சேர்த்து ஒரே பதில்.

முதலில் டோப்போஷீட் கதை. பிளஸ் டூவில் என்னிடம் புவியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், செய்முறைத் தேர்வுக்கு ஆய்வகத்தில் இரண்டு தாள்களை மேசையில் விரித்துப் போடுவேன். 58 ஐ/16, 58 எம்/4. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவைத் தாள்கள். பெரம்பலூர் ஒரு தாளில், அரியலூர் அடுத்த தாளில். 79 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை இரண்டு ஊருக்கும் நடுவே போகிறது, அங்கே தாள் முடிந்துவிடும். மருதையாறு பச்சைமலையில் பிறந்து கொள்ளிடத்தில் சேரும் ஆறு. அதை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு தாளையும் ஒட்டி வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒட்டுகிற இடத்தில் மடிப்பு தேய்ந்து கிழிந்து ஐந்தாறு கிராமம் காணாமலே போயிருந்தது. அதில் என் ஊரும் ஒன்று. (அந்தத் தாளைக் கிழித்தது நான் இல்லை, எனக்கு முன்னே இருந்தவர்.)

அந்தத் தாளில் என்ன இருந்தது? 2 சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். மஞ்சளில் விளைநிலம், பச்சையில் காடு, சிவப்பில் குடியிருப்பு, நீலத்தில் தண்ணீர் நிற்கும் ஏரி, கறுப்பில் தண்ணீர் வற்றிய ஓடை. ஏரிக்கரையின் ஓரத்தில் "4ஆர்" என்று சின்னதாக எழுதியிருக்கும். கரை தரையிலிருந்து 4 மீட்டர் உயரம் என்று பொருள். கோயில், கிணறு, சத்திரம், தபால் நிலையம், வண்டிப்பாதை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு குறி. பி.எம். என்று ஒரு புள்ளி, பக்கத்தில் ஓர் எண். கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் என்று ஓர் ஆள் கருவியை வைத்துப் பார்த்து எழுதியது அது.

அந்த ஓடை, நம் வீட்டு வாட்ஸ்அப் படத்தில் இல்லாத ஓடை, அந்தத் தாளில் மெல்லிய கறுப்புக் கோடாக இருக்கிறது. மேற்கிலிருந்து வந்து ஏரியின் நீலத்தைத் தொடுகிறது.

இப்போது பெங்களூர்த் தம்பிக்கு. சாட்டிலைட் பைக்கைக் காட்டும், மறுக்கவில்லை. ஆனால் நம் ஓடையில் தண்ணீர் ஓடுவது வருடத்தில் எத்தனை நாள்? ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் பத்து நாள், பதினைந்து நாள். அந்த நாட்களில் வானம் முழுக்க மேகம். மேகம் இல்லாத நாளில் எடுத்த படம்தான் தெளிவாக இருக்கும், அதைத்தான் மேப்பில் போடுவார்கள். அன்றைக்கு ஓடையில் மக்காச்சோளம் நிற்கும். மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு வயல், அவ்வளவுதான். நீ சாட்டிலைட்டிடம் ஓடையைக் கேட்கவில்லையே, அது எதைப் பார்த்ததோ அதைக் காட்டுகிறது. தவறு கேட்கிற நம் பக்கம்.

"சரி சார், உயரத்துக்கும் சாட்டிலைட் டேட்டா இருக்கே" என்பாய். இருக்கிறது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் எண்டெவர் 11 நாள் சுற்றி உலகத்தின் பெரும்பகுதிக்கு உயரம் எடுத்தது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, இலவசமாகவே கிடைக்கும். நம் இஸ்ரோவும் 2005-இல் அனுப்பிய கார்ட்டோசாட்-1 படங்களை வைத்து அப்படி ஒன்று செய்திருக்கிறது. நல்ல வேலை. பச்சைமலைக்குப் போதும். ஆனால் நம் ஊருக்கு ஒரு கணக்குப் போடு. பெரம்பலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர், அரியலூர் ஏறத்தாழ 75 மீட்டர். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர் இறக்கம். அந்த உயரத் தரவின் பிழையே சில மீட்டர் வரும். மரம் நின்றால் மரத்தின் தலையைத் தரை என்று சொல்லும். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வயல் நம் வயலைவிட மேடா பள்ளமா என்பதை அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. தண்ணீருக்கோ ஒரு விரற்கடை போதும், இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்று முடிவு செய்ய.

டோப்போஷீட்டும் இங்கே தோற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் அதற்கு ஏஜென்ட் இல்லை. அதில் சம உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை 65 மீட்டர் இறக்கத்துக்கு மூன்று கோடு வரும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே ஏழெட்டு கிலோமீட்டர். அதற்குள் எத்தனை கிராமம், எத்தனை ஏரி, எத்தனை வரத்து வாய்க்கால், எத்தனை பங்காளிச் சண்டை! எல்லாம் இரண்டு கோட்டுக்கு நடுவே, தாளில் ஒரே மட்டமாக.

இனி உறவினர்களுக்கு. நம்மிடம் இன்னொரு படம் இருக்கிறது, புலப்படம். எஃப்.எம்.பி. என்று தாலுகா ஆபீசில் சொல்வார்களே, அதுதான். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு படம், ஒவ்வொரு வரப்பின் நீளமும் அதில் எழுதியிருக்கும், எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் எவ்வளவு தூரம் என்று இருக்கும். இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சங்கிலி பிடித்து, வெயிலில் நடந்து, ஒவ்வொரு புலமாக அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்தபடி அரசு இணையதளத்திலேயே பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் எடுக்கலாம். அ-பதிவேட்டில் எது புறம்போக்கு என்றும் பார்க்கலாம்.

ஆனால் புலப்படத்தில் ஓர் எண் கூட உயரத்தைச் சொல்லாது. நீளம் உண்டு, அகலம் உண்டு. மேடு எது, பள்ளம் எது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பது கிடையாது.

நான் 34 வருடம் பாடம் நடத்தியும் இதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, அதனால் இப்போது சொல்கிறேன். ஒரு துறையின் படத்தில் உயரம் இருக்கிறது, நிலம் யாருடையது என்பது இல்லை. இன்னொரு துறையின் படத்தில் நிலம் யாருடையது என்பது இருக்கிறது, உயரம் இல்லை. ஒன்று டேராடூனில் தலைமை அலுவலகம் வைத்த மத்திய அரசுத் துறை, மற்றது மாநில வருவாய்த் துறை. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க இரண்டு தாளையும் ஒரே மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த ஓர் அதிகாரியை நான் கண்டதில்லை. நம் ஓடை அந்த இரண்டு தாளுக்கும் நடுவே விழுந்துவிட்டது.

இது தற்செயலாக வந்ததா? எந்தப் படமும் யாருக்கோ எதற்கோ தேவைப்பட்டு வரைந்ததுதான். ராஜராஜன் 1001-ஐ ஒட்டி நிலம் அளந்தான், குலோத்துங்கன் 1086-இல் மறுபடி அளந்தான், எல்லாம் வரிக்கு. ஆனால் அன்றைக்கு ஊரைத் தானம் கொடுக்கும்போது பெண் யானையை எல்லை சுற்றி நடக்கவிட்டு, பின்னாலேயே கல்லும் கள்ளியும் நட்டார்கள். செப்பேட்டில் எல்லை சொல்லும்போது இன்ன வாய்க்காலுக்குக் கிழக்கு, இன்ன ஏரியின் கரைக்கு வடக்கு என்று தண்ணீரை வைத்தே பெரும்பாலும் சொன்னார்கள். வாய்க்கால் தொலைந்தால் எல்லையே தொலையும் என்பதால் வாய்க்காலை யாரும் தொலைக்கவில்லை. வெள்ளைக்காரன் சென்னையில் 1794-இலேயே சர்வே பள்ளி ஆரம்பித்துவிட்டான், பின்னால் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது அதுதான். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளக்க ஆரம்பித்து, முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே வந்தார். டெல்டாவில் மலை ஏது? கோயில் கோபுரத்தின் மேல் அரை டன் கருவியை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சாவூரில் கயிறு அறுந்து அந்தக் கருவி கோபுரத்தில் மோதிச் சேதமானது. அதைப் பிரித்து, தானே உட்கார்ந்து தட்டிச் சரி செய்து, மறுபடி அளந்தார் அந்த மனிதர். பட்டாளத்துக்கும் கம்பெனிக்கும் நடந்த வேலை என்றாலும் இந்தப் பிடிவாதத்துக்கு நான் தொப்பி கழற்றுவேன்.

அடுத்து, நம் அரியலூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சேதி. 1860-ஐ ஒட்டி பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் இந்தப் பக்கமெல்லாம் நடந்து பாறை பாறையாகப் படம் போட்டார், 1862-இல் அச்சில் வந்தது. ஊட்டத்தூர் அடுக்கு, திருச்சி அடுக்கு, அரியலூர் அடுக்கு என்று அவர் வைத்த பெயர்களைத்தான் இன்றும் உலகம் முழுக்க இந்தத் துறையில் சொல்கிறார்கள். கல்லமேட்டில் டைனோசர் எலும்பு, சாத்தனூரில் 1940-இல் எம்.எஸ்.கிருஷ்ணன் அடையாளம் கண்ட 18 மீட்டர் கல்மரம், வாரணவாசியில் அருங்காட்சியகம் என்று அந்த வரிசை நீளும். என் மாணவர்களைச் சாத்தனூருக்கு எத்தனை முறை கூட்டிப் போயிருப்பேன், பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்கள் பெயர் எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் ஒரு கணக்கு எனக்கு உறுத்துகிறது. பூமிக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கு 160 வருடமாக நம்மிடம் அச்சடித்த படம் இருக்கிறது. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு தடிமனில் கல் இருக்கிறது என்று இன்றைக்கு மீட்டர் கணக்கில் சொல்லத் துறை இருக்கிறது, ஆள் இருக்கிறது. அதற்கு மேலே ஓடுகிற தண்ணீருக்கு இல்லை. கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, 453.72 ஹெக்டேர் என்று புள்ளி போட்டு எழுதியிருக்கிறார்கள். சந்தோஷம், பறவைகளுக்குச் சந்தோஷம். அந்த ஏரிக்குப் புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் வருகிறது. நம் ஏரிக்கு மழைதான், மழைத் தண்ணீரைக் கொண்டு வருவது அந்த ஓடைதான்.

இந்தத் தாள்களை ஊர்மக்கள் கையில் கொடுக்காமல் வைத்திருந்ததும் ஒரு கதை. கடற்கரையையும் நாட்டு எல்லையையும் ஒட்டிய பகுதிகளின் டோப்போஷீட்டுகள் வெகுகாலம் தடைசெய்யப்பட்டவை. மற்றதை வாங்கவும் கடிதம், முத்திரை, காத்திருப்பு. வெளிநாட்டுக்காரன் வானத்திலிருந்து நம் வைக்கோல்போரை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், நான் பள்ளி ஆய்வகத் தாளைப் பிரதி எடுக்கலாமா கூடாதா என்று தலைமையாசிரியரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். 2005-இல் பொதுமக்களுக்கென்று தனி வரிசை என்று கொள்கை வந்தது. 2021 பிப்ரவரி 15-இல்தான் பெரும்பாலான கட்டுப்பாடுகளை எடுத்தார்கள். அதற்குள் ஒரு தலைமுறையே கைப்பேசி மேப்பில் வளர்ந்துவிட்டது. உங்களைக் குறை சொல்லி என்ன, எங்கள் தலைமுறைதான் பெட்டியில் வைத்துப் பூட்டியது.

பள்ளிக்கூடமும் சளைக்கவில்லை. பத்தாம் வகுப்பில் வரைபடத்துக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது என்ன? தேர்வுக்கு வரும் இடங்களை மனப்பாடம் செய், நீலப் பென்சிலால் கோடு போடு, மதிப்பெண் வாங்கு. கங்கையைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவான், வீட்டுக்குப் பின்னால் ஓடுவது எந்த ஆற்றில் சேர்கிறது என்று கேட்டால் முழிப்பான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டியிருந்தது.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப் பெயர் போடவில்லை, ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் இரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடையைக் கலிங்கிலிருந்து மேல்நோக்கி நடந்தேன். கையில் புலப்படம், பழைய டோப்போஷீட்டின் பிரதி, ஒரு டேப். ஒருவன் கைப்பேசி ஜி.பி.எஸ். வைத்து அளக்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். திறந்த வெளியிலேயே அது நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும், நாங்கள் தேடிப் போனதே அந்த நாலைந்து மீட்டரைத்தான்! கல்லைக் கண்டுபிடித்து அங்கிருந்து டேப் பிடித்தோம்.

புலப்படத்தில் ஓடை தனி சர்வே நம்பர். அ-பதிவேட்டில் அரசு புறம்போக்கு, ஓடை என்று தெளிவாக இருக்கிறது. நம் புஞ்சையை ஒட்டிய இடத்தில் அகலம் 14 மீட்டர். தரையில் இப்போது 3 மீட்டர். அந்தப் பக்கத்துக்காரர் 5 மீட்டர் உள்ளே வந்திருக்கிறார். மீதி 6 மீட்டர் நம்முடையது, அதாவது நாம் எடுத்தது.

எடுத்தவர் என் அப்பா. நல்ல மனிதர், பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர் என்று ஊரே சொல்லும், நானும் சொல்வேன். அவர் ஒரே நாளில் எடுக்கவில்லை. உழவின்போது கடைசிச் சாலை ஒரு சாண் தள்ளி ஓட்டுவார். அடுத்த வருடம் இன்னொரு சாண். ஒரு சாண் என்பது 9 அங்குலம், 25 வருடத்துக்கு ஏறத்தாழ ஆறு மீட்டர். கணக்குச் சரியாக வருகிறது, நான் சரிபார்த்துவிட்டேன். சின்ன வயதில் ஏர் பின்னாலேயே போய்க் கடலை போட்டவன் நான், அந்த ஒரு சாண் எனக்கும் தெரியும். "ஓடையில என்ன, சும்மாதானே கெடக்கு" என்பார். இரண்டு எல்லைக் கல்லில் ஒன்று கிடைத்தது. இன்னொன்றை வீட்டிலேயே கண்டுபிடித்தேன். கிணற்றடியில் அம்மா துணி துவைத்த கல்லைப் புரட்டிப் பாருங்கள், தலையில் குறி வெட்டியிருக்கும். 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி எல்லைக் கல்லைப் பிடுங்குவது குற்றம். 40 வருடம் அந்தக் குற்றத்தின் மேல்தான் எங்கள் பள்ளிக்கூடச் சட்டையை வெளுத்தார்கள்.

இதே கதை ஓடையின் இரண்டு கரையிலும் ஒன்றரை கிலோமீட்டருக்கு இருக்கிறது. ஒரு வீடு பாக்கியில்லை. பெரிய பணக்காரன் வந்து அபகரித்தான் என்று சொல்ல வழியில்லை. எல்லோரும் ஆளுக்கு ஒரு சாண்.

என்ன ஆனது? ஏரி நிறைந்து கலிங்கில் தண்ணீர் விழுந்ததை என் பேரன் பார்த்ததில்லை. மேற்கே மழை பெய்தால் தண்ணீர் வரத்தான் செய்கிறது, 3 மீட்டர் ஓடையில் அடங்காமல் வயலில் பாய்ந்து, சின்ன வெங்காயத்தை அழுகவைத்து, தார்ச்சாலையில் ஏறி, காலனித் தெருவுக்குள் போகிறது. ஏரிக்கு வர வேண்டியது வீட்டுக்குள் வருகிறது. உடனே எல்லோரும் சாலை மறியல், நிவாரண மனு. நானும் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டேன், அப்போது இந்த 6 மீட்டர் கணக்கு எனக்குத் தெரியாது. அது மட்டும் ஆறுதல்.

கர்ணம் இருந்த காலத்தில் இது நடக்கவில்லையா என்றால், நடந்தது. ஆனால் ஓடை எங்கே இருக்கிறது என்பது ஓர் ஆளுக்காவது தெரிந்திருந்தது. 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளை எடுத்தார்கள். எடுத்தது சரி, பரம்பரையாக ஒரு வீட்டுக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. ஆனால் அவர்கள் தலையில் இருந்த ஊர்ப்படத்தை யாரும் எழுதி வாங்கவில்லை. கூடவே 1979-இலிருந்து 1987 வரை யூ.டி.ஆர். நடந்தது. அதில் விழுந்த பிழையைத் திருத்த இன்றைக்கும் ஜனங்கள் அலைகிறார்கள். அலைவது யார்? பட்டா உள்ளவன். தன் பெயர் விட்டுப்போனால் மனு கொடுப்பான், வழக்குப் போடுவான். ஓடை விட்டுப்போனால் யார் மனு கொடுப்பது? ஓடைக்குப் பட்டா கிடையாது. இப்போது ட்ரோன் வைத்து அளக்கும் திட்டங்கள் வருகின்றன, 2020-இல் ஆரம்பித்த மத்திய அரசின் சுவாமித்வா திட்டமும் குடியிருப்பு மனைகளுக்குத்தான். வீட்டுக்காரனுக்குச் சான்று கிடைக்கும், கிடைக்கட்டும். நான் கேட்பது ஆளில்லாத நிலத்தைப் பற்றி.

"டி.டி.சி.பி. அப்ரூவல் வாங்கிட்டா பிரச்சினை இல்ல பெரியப்பா" என்று ஒரு பதில் வந்தது. அப்ரூவல் காகிதத்துக்கு வரும், தண்ணீர் அதைப் படிக்காது. தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்க 2007-இல் தனிச் சட்டமே இருக்கிறது. ஏரியை அளந்து எல்லை போட்டு ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லும் சட்டம். அளந்து எல்லை போடுவதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது, பாருங்கள். மனை வாங்கப் போகிறவன் யார்? நம்மைப் போல ஒரு வாத்தியாராக இருப்பான், இல்லை கல்ஃபில் பத்து வருடம் கஷ்டப்பட்டு வந்தவனாக இருப்பான். அவன் சமையலறைக்குள் கார்த்திகையில் தண்ணீர் வரும்போது நாம் விற்ற காசில் கார் வாங்கியிருப்போம்.

மருதையாறு என்றதும் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று. வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஆறுதான். 1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூர் பக்கத்தில் அந்த ஆற்றுப் பாலத்தில்தான் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த ராஜினாமாவைப் பொது அறிவுப் புத்தகத்தில் படித்து எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வீர்கள். எந்த ஆறு என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியாது. பச்சைமலையில் பெய்த மழை எந்த எந்த ஓடை வழியாக எத்தனை மணி நேரத்தில் அந்தப் பாலத்துக்கு வரும் என்று யாராவது அளந்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால் பத்துப் பேருமே முழிப்பீர்கள்.

கோடு போடத் தெரியாதவர்கள் இல்லை நாம். பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டம் ஆனது. 2001 ஜனவரியில் அரியலூரைப் பிரித்துக் கோடு போட்டார்கள், 2002 மார்ச்சில் அழித்தார்கள், 2007 நவம்பர் 23-இல் மறுபடி போட்டார்கள். மூன்று முறை பள்ளி முத்திரையையும் சுவர் வரைபடத்தையும் மாற்றியவன் நான். வேண்டும் என்றால் கோடு ஒரே இரவில் வருகிறது.

சரி, திட்டித் தீர்த்தாயிற்று. வேலைக்கு வருகிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கலிங்கில் கூடுகிறோம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஓடை தொடும் எல்லாச் சர்வே நம்பரின் புலப்படத்தையும் இணையத்தில் எடுத்து அச்சடித்து வைத்துவிட்டேன், 23 தாள். சர்வேயராக வேலை பார்க்கும் நம் மாணவர் விடுமுறை நாளில் சொந்த முறையில் வருகிறார். அவர் சொல்லும் இடத்தில் குச்சி நடுவோம், சுண்ணாம்புத் தூள் போடுவோம். யார் வயலிலும் பயிரை மிதிக்க மாட்டோம். கோடு மட்டும்.

இரண்டாவது வேலை உயரம். இதற்குக் கருவி வாங்கக் காசில்லை, தேவையும் இல்லை. கொத்தனார் வேலை செய்யும் மாணவர்கள் மூன்று பேர் ஊரில் இருக்கிறீர்கள். வீட்டு மட்டம் பார்க்கும் தண்ணி டியூப், 20 மீட்டர் நீளத்தில் இரண்டு கொண்டுவாருங்கள். கலிங்கின் உச்சியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, 20 மீட்டருக்கு ஒரு குச்சியாக ஓடையின் அடிமட்டத்தைப் பார்த்துக்கொண்டே மேற்கே போவோம். ஒன்றரை கிலோமீட்டருக்கு 75 குச்சி. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் ஒரு சாணுக்கு மேல் வந்தால் மறுபடி பார்க்க வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன். நீளமும் உயரமும் ஒரே தாளில் வந்த பிறகு, அதை நகல் எடுத்துப் பஞ்சாயத்துக்கு ஒன்று, தாசில்தாருக்கு ஒன்று, பொதுப்பணித் துறைக்கு ஒன்று. கிராம சபையில் வைத்துப் படிக்கவும் வேண்டும்.

கூடவே ஊர்ப் பெரியவர்களிடம் பெயர்களைக் கேட்டு எழுதும் வேலை. எந்த மேட்டுக்கு என்ன பெயர், எந்த மடைக்கு என்ன பெயர், எந்த இடத்தில் பழைய வண்டிப்பாதை ஓடையைத் தாண்டியது என்று. இது பெண்பிள்ளைகள் செய்தால் நன்றாக வரும், என்னிடம் சொல்லாத பாட்டிகள் அவர்களிடம் சொல்வார்கள். பெங்களூர்த் தம்பி, உனக்கும் வேலை இருக்கிறது. இவை எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, கைப்பேசி மேப்பில் அந்த ஓடை தெரியும்படி செய்ய வேண்டும். உன்னால் முடியும், நீ பிளஸ் டூவில் சம உயரக் கோட்டில் என்னிடம் இருபதுக்கு இருபது வாங்கியவன்.

உறவினர்களுக்குக் கடைசியாக. முதல் குச்சி நம் வயலில்தான், 6 மீட்டர் உள்ளே. அதை நான் நடுவேன். பாகப் பத்திரத்தில் என் பங்கு எவ்வளவோ அதில் கழித்துக்கொள்ளுங்கள், கேட்க மாட்டேன். கிணற்றடிக் கல்லையும் சனிக்கிழமை சாயந்திரம் பெயர்த்து வண்டியில் ஏற்ற வேண்டும், இரண்டு ஆள் தேவை. அண்ணன் மகனுக்கு என் மேல் வருத்தம் என்று கேள்விப்பட்டேன். வருத்தத்தோடேயே வரட்டும். தண்ணி டியூபின் மறுமுனையைப் பிடிக்க எனக்கு நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும், முன்பு அவன் கை நடுங்காது.